தனியொருவரின் உழைப்பும் ஊராரின் பொறுப்பும் – போடி மலைச்சரிவு கற்பிக்கும் வரலாறு



நம் மஹல்லாக்களில் ஏதேனும் ஒரு பொதுக்காரியம் பற்றிப் பேச்சு எழும்போது இரண்டு குரல்கள் தவறாமல் ஒலிக்கும். "பலர் கூடினால் பாம்பு சாகாது, துணிந்த ஒருவரிடம் விட்டுவிடுங்கள், அவர் முடித்துத் தருவார்" என்பது ஒன்று. "தனி மரம் தோப்பாகாது, கமிட்டி அமைத்து எல்லோரும் சேர்ந்தே செய்ய வேண்டும்" என்பது மற்றொன்று. இரண்டும் அனுபவத்திலிருந்து பிறந்த பேச்சுகளே. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையில் வாதம் நீளும்போது மக்தபின் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். ஏழை மாணவியின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாள் கடந்துபோகும். ஆகவே இதை வெறும் வாதமாக விட்டுவிடாமல், மார்க்கத்தின் வெளிச்சத்திலும் நம் கண்ணெதிரே நிற்கும் வரலாற்றின் வெளிச்சத்திலும் சற்று நிதானமாக ஆராய்வது பயன் தரும்.

ஃபிக்ஹின் அடிப்படைப் பாடம்

மதரஸாவில் தொடக்க வகுப்பிலேயே மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாடம் ஒன்று உண்டு. கடமைகள் இருவகை. ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டியது ஃபர்ளு ஐன். ஐவேளைத் தொழுகையும் ரமளான் நோன்பும் இதில் அடங்கும். சமுதாயத்தில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்களின் பொறுப்பும் நீங்கிவிடுவது ஃபர்ளு கிஃபாயா. ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, அடக்கம் செய்வது இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். ஒருவரும் செய்யாவிட்டால், அறிந்தும் செய்ய இயன்றும் விட்டுவிட்ட அனைவரும் குற்றவாளிகள் ஆவர்.

இப்பாடத்தின் முதற்பாதியை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம்: "சிலர் செய்தால் போதும்." ஆனால் முன்னோரான அறிஞர்கள் இதை இன்னும் ஆழமாக நோக்கினார்கள். ஹிஜ்ரி 478இல் மறைந்த இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்), ஃபர்ளு கிஃபாயாவை நிறைவேற்ற எழுபவர் தம் ஒருவரின் பொறுப்பை மட்டுமன்றிச் சமுதாயம் முழுவதன் சுமையையும் இறக்கிவைக்கிறார் என்று கூறி, அதன் சிறப்பை உயர்த்திப் பேசினார். ஹிஜ்ரி 790இல் மறைந்த அந்தலூசியாவின் இமாம் ஷாத்திபீ (ரஹ்) மற்றொரு கோணத்தைத் திறந்தார். ஆற்றல் உள்ளவர் மீது அக்காரியத்தைச் செய்வது கடமை. ஆற்றல் இல்லாதவர் மீது, ஆற்றல் உள்ளவரைக் கண்டறிந்து முன்னே நிறுத்துவது கடமை. அதாவது, ஒருவர் செய்கிறார் என்பதற்காக மற்றவர் வேடிக்கை பார்க்கும் உரிமை பெறுவதில்லை. அவருடைய வேலை வேறு, இவர்களுடைய வேலை வேறு, அவ்வளவே.

இந்த இரு கருத்துகளையும் கையில் வைத்துக்கொண்டு நம் மலைப்பக்கம் செல்வோம்.

ஏலத்தோட்டத்தில் ஒரு செடி

போடிநாயக்கனூரிலிருந்து புறப்படும் சாலை முந்தலைக் கடந்து, 17 கொண்டையூசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. அங்கே தமிழகம் முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. எல்லைக்கு அப்பால் பூப்பாறை, சாந்தம்பாறை எனப் பரந்து கிடப்பவை ஏலத்தோட்டங்கள். விடியற்காலையில் போடியிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுவதும், பொழுது சாயும்போது இறங்குவதும் இவ்வூரின் அன்றாடக் காட்சி.

திருவிதாங்கூர் அரசர் காலத்தில் இம்மலையில் விளைந்த ஏலக்காய் அரசின் ஏகபோகப் பொருளாக இருந்தது. 1896இல் அம்முறை நீக்கப்பட்டு நிலத்துக்கு வரி விதிக்கும் முறை வந்தது. போடி, கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் பலர் மலையேறிப் பயிர் செய்தார்கள். காலம் செல்லச் செல்ல ஏலக்காய் ஆராய்ச்சி நிலையங்களும் எழுந்தன. பாம்பாடும்பாறையில் ஒன்று, மயிலாடும்பாறையில் ஒன்று என அரசின் பணமும் அறிவியலாளரின் உழைப்பும் அங்கே திரண்டன. நல்ல ரகங்களும் அங்கிருந்து வெளிவந்தன.

எனினும் சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இம்மலைத் தோட்டங்களின் தோற்றத்தையே மாற்றிய ரகம் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததன்று. இடுக்கி மாவட்டத்து ஏலக்காய் விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் கண்டெடுத்துப் பெருக்கியது அது. ஞள்ளானி என்பது அவருடைய குடும்பப் பெயர். அதுவே ரகத்தின் பெயராயிற்று. ஏலப்பூவில் தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை நடைபெறுவதால், விதையிலிருந்து முளைக்கும் கன்று தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்று சொல்ல இயலாது. நூறு கன்றுகளில் ஒன்று மட்டும் பருத்த பச்சைக் காயும் நீண்ட சரமுமாகத் தனித்து நிற்கலாம். அந்த ஒன்றை அடையாளம் காண வேண்டுமானால், அதே தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் அன்றாடம் நடந்து பார்க்கும் கண் வேண்டும். இதைக் கமிட்டியால் செய்ய முடியாது. இது தனியொருவரின் வேலை. பின்னர் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவரைக் கௌரவித்தது.

ஆனால் கதை இங்கு முடியவில்லை. அச்செடி அவருடைய வேலிக்குள்ளேயே இருந்திருந்தால் ஒரு குடும்பத்தின் வளமாக மட்டுமே நின்றிருக்கும். தூரைப் பிரித்துக் கன்றுகளாக்கி அடுத்தவர் கையில் கொடுத்தபோதுதான், அவர் மற்றொருவருக்குக் கொடுத்தபோதுதான், மலையின் பெரும்பகுதியில் அது பரவியது. கண்டது ஒரு கண். பரப்பியவை பெயர் பதிவாகாத ஆயிரக்கணக்கான கைகள்.

விளைந்த காயை விற்பதிலும் இதே பாடம் உண்டு. பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தி ஒரு மூட்டை கட்டிவைத்திருக்கும் சிறு விவசாயி, தனியாக நின்றால் வாசலுக்கு வரும் ஒரே வியாபாரி சொல்லும் விலைக்குக் கட்டுப்பட வேண்டியவர். அந்த மூட்டை ஏல மையத்துக்கு வந்தால் நிலை மாறுகிறது. மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்த்துப் பல வியாபாரிகள் போட்டியிட்டுக் கேட்கிறார்கள். உரிமம் பெற்ற ஏல நிறுவனம் விவசாயிக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பை ஏற்கிறது. 1966இல் ஏலக்காய் வாரியமும், 1987இல் அதன் இடத்தில் நறுமணப் பொருள்கள் வாரியமும் இந்த ஒழுங்கைக் கண்காணிக்கும் அமைப்புகளாக ஏற்பட்டன. அரபு நாட்டு இல்லங்களில் விருந்தினருக்கு ஊற்றப்படும் கஹ்வாவில் மணக்கும் ஏலக்காயில் இம்மலையின் காயும் உண்டு. அது அவ்வளவு தொலைவு செல்வது எந்தத் தனிமனிதரின் திறமையாலும் அன்று. நம்பிக்கையும் நிறுவையும் கணக்கும் ஒழுங்குபட்ட ஒரு கூட்டு ஏற்பாட்டினால்.

நல்லதைக் கண்டறிவது பெரும்பாலும் ஒருவரால் நிகழ்கிறது. அதை நிலைக்கச் செய்வது பலரால் மட்டுமே நிகழ்கிறது.

மலையில் நின்ற சுவர்

போடிமெட்டுக்குத் தெற்கே, இதே மலைத்தொடரில், தேனி மாவட்ட மக்கள் அனைவரும் அறிந்த முல்லைப் பெரியாறு அணை நிற்கிறது. அதைப் பற்றிப் பேசினால் ஒரே பெயர்தான் நம் நாவில் வரும்: கர்னல் ஜான் பென்னிகுவிக். தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. பல வீடுகளில் அவர் படம் தொங்குகிறது. நன்றி மறவாமை நல்ல பண்பே. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராகார் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த கருத்து. ஆனால் நன்றி முழுமையடைய வேண்டுமானால் வரலாற்றை முழுமையாக அறிய வேண்டும்.

மேற்கே பாய்ந்து கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்கலாம் என்ற எண்ணம் பென்னிகுவிக் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தோன்றிவிட்டது. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை, 1789இல் விவரமறிந்த 12 பேரை அனுப்பி மலையைப் பார்வையிடச் செய்தார். வழி உண்டு என்று தெரிந்தது. செய்து முடிக்கும் பொருள் இல்லை. 1808இல் கேப்டன் கால்டுவெல் ஆராய்ந்து, இது நடவாத கனவு என்று எழுதிவைத்தார். 1850இல் சிறிய அளவில் தொடங்கப்பட்ட வேலை, காய்ச்சலாலும் கூலிப் பிரச்சினையாலும் கைவிடப்பட்டது. 1860களில் ரைவ்ஸ் என்ற பொறியாளர் புதிய திட்டம் தந்தார். அதன்பின் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டையே உலுக்கியது. வைகைப் பாசனப் பகுதிக்கு நிலையான நீர் வேண்டும் என்பதை இனி எவராலும் தள்ளிப்போட இயலவில்லை.

1882இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887இல் வேலை தொடங்கியது. சாலை இல்லாத காடு, யானை, மலேரியா, காலரா, ஒவ்வொரு மழைக்காலத்திலும் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் செல்லும் வெள்ளம் ஆகிய அனைத்தையும் தாண்டி, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் அச்சுவர் எழுந்தது. மலைமுகட்டைக் குடைந்து ஒரு மைலுக்கும் சற்று அதிக நீளமுள்ள சுரங்கம் வெட்டப்பட்டது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

சென்னைப் படையின் பயனியர் பிரிவினர், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்கள், சமவெளியிலிருந்து மலையேறிய கூலித் தொழிலாளர்கள் என ஆயிரக்கணக்கானோர் அங்கே உழைத்தார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் நோயால் இறந்தார்கள். அணையருகே அவர்களுடைய அடக்கத்தலம் இருக்கிறது. ஆனால் அவர்களில் ஒருவருடைய பெயரையேனும் நம்மால் சொல்ல இயலாது.

அரசு கைவிட்டபோது பென்னிகுவிக் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டினார் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. பள்ளிக்கூட மேடைகளிலும் இது சொல்லப்படுகிறது. ஆனால் அணை சென்னை அரசின் பொதுப்பணித்துறை அரசுப் பணத்தில் கட்டியது. சொத்தை விற்றார் என்பது மக்கள் நாவில் வளர்ந்த கதையே என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். ஒரு செய்தியை ஏற்கும் முன் அதன் அறிவிப்பாளர் தொடரைக் கேட்கும் மரபில் வந்தவர்கள் நாம். மனத்துக்குப் பிடித்த செய்தி என்பதற்காக ஸனதைக் கேளாமல் விட்டுவிடலாகாது. மேலும், இக்கதை ஏன் இவ்வளவு இனிக்கிறது என்று சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படும். எல்லாவற்றையும் ஒருவரே சுமந்தார் என்று நம்பிவிட்டால், நம் மீது சுமை ஏதும் இல்லை என்று ஆகிவிடுகிறது. ஒருவரை வானளாவப் புகழ்வது சில வேளைகளில் நாம் ஒதுங்கிக்கொள்வதற்கான வழியாகவும் அமைந்துவிடுகிறது.

எனில் பென்னிகுவிக்கின் பங்கு சிறிதா? ஒருபோதும் இல்லை. தொண்ணூறு ஆண்டுகளாகக் கோப்புகளில் கிடந்த எண்ணம் அது. அரசு இருந்தது, பணம் இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள். 'இது என் பொறுப்பு' என்று சொல்லி, வெள்ளம் அடித்துச் சென்ற பின்னும் மறுபடி மறுபடி அதே இடத்தில் நின்றவர் அவரும் அவருடன் இருந்தவர்களுமே. அதேபோல், அவர் 1911இல் மறைந்து நூறாண்டு கடந்த பின்னும் அணை நிற்பதற்குக் காரணம், அது ஒருவருடைய உடைமையாக இல்லாமல் ஒரு துறையின் பொறுப்பாக இருப்பது. 1979க்குப் பின் அணை பலப்படுத்தப்பட்டது. நீர்மட்டம் அன்றாடம் பதிவாகிறது. மதகை இயக்கும் ஊழியர் ஓய்வுபெற்றால் மற்றொருவர் வருகிறார்.

துல்கர்னைன் (அலை) கேட்ட உதவி

இரு மலைகளுக்கிடையே எழுந்த சுவரைப் பற்றிப் பேசும்போது, வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் சூரா அல்கஹ்ஃபில் வரும் சுவர் நினைவுக்கு வராமல் இராது. யஃஜூஜ் மஃஜூஜ் கூட்டத்தாரால் துன்புற்ற ஒரு சமுதாயம் துல்கர்னைன் அவர்களிடம் வந்தது. தாங்கள் பொருள் தருவதாகவும், அவர் தடுப்பு ஒன்றை அமைத்துத் தர வேண்டும் என்றும் வேண்டியது. இறைவன் தமக்கு அளித்திருப்பதே மேலானது என்று சொல்லி அப்பொருளை அவர் மறுத்துவிட்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. உங்கள் உடல்வலிமையால் எனக்கு உதவுங்கள் என்றார். இரும்புப் பாளங்களைக் கொண்டுவரச் சொன்னார், ஊதச் சொன்னார், உருக்கிய செம்பைக் கேட்டார். எல்லாம் முடிந்தபின், இது என் இறைவனின் அருள் என்று கூறி விலகி நின்றார்.

இச்சம்பவத்தில் இரண்டு நோய்களுக்கு மருந்து இருக்கிறது. கூட்டத்தின் நோய், 'காசு தருகிறோம், யாராவது செய்துகொள்ளட்டும்' என்பது. அதை அவர் ஏற்கவில்லை. அவர்களுடைய கைகளையே வேலையில் இறக்கினார். தனிமனிதரின் நோய், 'நான் செய்தேன்' என்பது. அதையும் அவர் அண்டவிடவில்லை. திட்டமும் தலைமையும் ஒருவரிடம், உழைப்பு அனைவரிடமும், புகழ் அல்லாஹ்வுக்கு!

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு மதீனாவில் தோண்டப்பட்ட அகழும் இவ்வாறே. அகழ் வெட்டும் யோசனை ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) என்ற ஒருவருடையது. ஏற்றுக்கொண்டது ஜமாஅத். பத்துப் பேருக்கு நாற்பது முழம் எனப் பங்கு பிரிக்கப்பட்டதாக வரலாறு கூறுகிறது. மண் சுமந்தவர்களில் நபி (ஸல்) அவர்களும் ஒருவராக இருந்தார்கள். 'எல்லோரும் தோண்டுங்கள்' என்று பொதுவாகச் சொல்லி விடவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த நாற்பது முழம் யாருடையது என்பது தெளிவாக இருந்தது.

நம் மஹல்லாவுக்கும் நம் வீட்டுக்கும்

மலையோர ஊர்களிலும் சமவெளி ஊர்களிலும் இன்று நான் காணும் நிலை கவலை தருகிறது. பல மஹல்லாக்களில் மக்தப் நடப்பது ஓர் உஸ்தாதின் தனி உழைப்பால். பைத்துல்மால் கணக்கு ஒரே பெரியவரின் நோட்டில். ஜனாஸா குளிப்பாட்டத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவரோ இருவரோ. இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிழைப்புத் தேடிச் செல்கிறார்கள். அந்த ஒருவர் நோயில் படுத்தால் என்ன ஆகும்? பெண் மையித்தைக் குளிப்பாட்டத் தெரிந்த மூதாட்டி மறைந்துவிட்டால், அடுத்த மவ்த்தின்போது பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்கும் நிலை வரும். ஃபர்ளு கிஃபாயா கேட்பாரற்று நிற்கும் இடம் அதுதான்.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில ஒழுங்குகளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, எந்தப் பொதுக்காரியத்துக்கும் பெயர் குறித்து ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். 'கமிட்டி பார்த்துக்கொள்ளும்' என்ற தீர்மானம் பெரும்பாலும் எவரும் பார்ப்பதில்லை என்பதாகவே முடிகிறது.

இரண்டாவது, அவருக்கு அருகில் கற்றுக்கொள்ளும் ஒருவரை அமர்த்துங்கள். செடியின் தூரைப் பிரித்துக் கொடுப்பதைப் போல, தெரிந்த வேலையைப் பிரித்துக் கொடுக்காதவர் எவ்வளவு உழைத்தாலும் அவ்வுழைப்பு அவரோடு நின்றுவிடும். பொறுப்பு என்பது அமானத். அமானத்தை முறையாக அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போதுதான் அது நிறைவேறுகிறது.

மூன்றாவது, மற்றவர்கள் சந்தாவோடு நின்றுவிடலாகாது. இமாம் ஷாத்திபீ (ரஹ்) சொன்னதுபோல, ஆற்றல் உள்ளவரைத் தேடி முன்னிறுத்துவதும், அவர் சோர்ந்தால் தோள் கொடுப்பதும், தவறினால் கண்ணியத்தோடு கேட்பதும் நம் மீதுள்ள கடமை. கணக்கைக் கேட்பது அவமதிப்பு அன்று. கணக்கு அனைவர் முன்னும் தெளிவாக இருப்பது பொறுப்பேற்றவருக்கே பாதுகாப்பு.

நான்காவது, பெயர் தெரியாதவர்களை நினைவில் வையுங்கள். மதரஸாவின் கல்வெட்டில் கொடையாளியின் பெயர் இருக்கலாம். கல் சுமந்தவரின் பெயர் அல்லாஹ்விடம் இருக்கிறது. துஆவில் இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடும் ஒரு சிறு ஜமாஅத்தே. அங்கேயும் ஒரே தாய் எல்லாவற்றையும் சுமக்க, மற்ற அனைவரும் அவரைப் புகழ்ந்து கடந்துபோகும் நிலை உண்டு. "உம்மா இல்லாவிட்டால் இந்த வீடே ஓடாது" என்று சொல்வது பாராட்டு போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு குறைபாட்டின் ஒப்புதல். பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே ஒரு பங்கைப் பெயர் குறித்துக் கொடுங்கள். ஒருவன் வாசல் விளக்கைப் பார்த்துக்கொள்ளட்டும், ஒருத்தி பாட்டியின் மருந்து வேளையைக் கவனித்துக்கொள்ளட்டும். பொறுப்பேற்கவும் பொறுப்பைப் பகிரவும் வீட்டில் பழகிய பிள்ளைகளே நாளை மஹல்லாவில் முன்வந்து நிற்பார்கள்.

தன் பங்கு நாற்பது முழத்தை அறிந்து அதைச் செய்து முடிப்பவர்களாகவும், செய்தபின் 'இது என் இறைவனின் அருள்' என்று சொல்லும் உள்ளம் உடையவர்களாகவும் நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.